முதியோர் சத்திரசிகிச்சையும் போசணையும்: வன்னியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதியோர் வன்னிமைகளின் தோற்றம், பண்டாரவன்னியனின் எதிர்ப்பு, குளங்களின் அழிவும் மீளமைப்பும் ஆகியவற்றையே பெரிதும் ஆராய்ந்து வந்துள்ளனர். அந்நிலத்து மக்களின் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது அத்துணைக் கவனம் பெறவில்லை. ஒரு சமூகம் எதனை உண்டது, எப்பொழுது பட்டினி கிடந்தது, நோயுற்றோர்க்கு எதனை ஊட்டியது என்பன அரசியல் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தவை. அவற்றைப் பிரித்தெடுத்து நோக்கும்போது அரசியல் வரலாறே புதிய ஒளியிற் புலப்படுவதுண்டு.

இக்கட்டுரை அவ்வரலாற்றின் ஒரு சிறு கூறினை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. பெரிய சத்திரசிகிச்சைக்கு உட்படும் முதியவருக்கு உணவானது மருந்தின் தகுதியை எவ்வாறு பெற்றது? அத்தகுதி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் எவ்வாறு இல்லாமற் போயிற்று? இன்று அதனை மீள நிலைநாட்டும் பொறுப்பு யாருடையது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இதன் நோக்கமாகும்.

2

முதலில் உடலின் இயல்பினை நோக்குவோம். கடுங்காயம் அடைந்த உடல் தன்னைத்தானே உண்ணத் தொடங்குகின்றது என்பதை முறையாக அளந்து காட்டியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த டேவிட் கத்பேட்சன் ஆவார். 1930ஆம் ஆண்டையடுத்து கிளாஸ்கோ நகரில் எலும்பு முறிந்த நோயாளரை ஆராய்ந்த அவர், அவர்களது சிறுநீரில் நைதரசன் பெருமளவில் வெளியேறுவதைக் கண்டார். நைதரசன் வெளியேறுகின்றது என்றால் தசையிலுள்ள புரதம் கரைகின்றது என்பதே பொருள். புண்ணை ஆற்றுவதற்கும் நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கும் வேண்டிய மூலப்பொருளை உடல் தன் தசையிலிருந்தே பெற்றுக்கொள்கின்றது. சத்திரவைத்தியரின் கத்தியும் உடலைப் பொறுத்தவரை ஒரு காயமே. ஆதலின் பெரிய சத்திரசிகிச்சை ஒவ்வொன்றும் தசையென்னும் களஞ்சியத்தின் மேல் விதிக்கப்படும் வரியாகும்.

களஞ்சியம் ஏற்கெனவே வெறுமையாயிருப்பின் என்ன நேரும் என்பதனை 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துச் சத்திரவைத்தியரான ஹைரம் ஸ்ரட்லி காட்டினார். இரைப்பைப் புண்ணுக்காகச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரை அவர் நோக்கினார். சிகிச்சைக்கு முன்னரே தம் உடல்நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழந்திருந்தோரில் மூவரில் ஒருவர் இறந்தனர். அவ்வளவு இழக்காதோரில் இறந்தோர் 3.5 வீதத்தினரே. சத்திரவைத்தியரின் கைத்திறனைப் போலவே நோயாளி மேசையில் ஏறுமுன் உண்ட உணவும் உயிரைத் தீர்மானிக்கின்றது என்பது அன்றே தெளிவாயிற்று.

முதியவருக்கு இது இருமடங்கு பொருந்தும். வயது ஏற ஏறத் தசை குறைந்து செல்கின்றது. இக்குறைவுக்கு 1989ஆம் ஆண்டில் இர்வின் ரோசன்பேர்க் என்பவர் ‘சார்க்கோபீனியா’ எனப் பெயரிட்டார். தசைவறுமை என நாம் அதனைக் கூறலாம். நோயேதுமற்ற முதியவர்கள் பத்து நாட்கள் படுக்கையிற் கிடந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசையை இழந்தனர் என 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது. பசி குன்றுதல், பற்களை இழத்தல், தனித்து உண்ணுதல், மனச்சோர்வு என்பனவும் சேர்ந்துகொள்ளும்போது, இடுப்பெலும்பு முறிந்தோ குடற்புற்றுநோய் கண்டோ வைத்தியசாலைக்கு வரும் முதியவர் பெரும்பாலும் வெறுங் களஞ்சியத்துடனேயே வருகின்றார்.

3

இவ்வுண்மை அறியப்பட்டும் வைத்தியசாலைகள் அதனை எளிதில் ஏற்றுக்கொண்டன அல்ல. 1859ஆம் ஆண்டளவில் எழுதிய தாதியியற் குறிப்புகளிலேயே புளோரன்ஸ் நைற்றிங்கேல், உணவு நிறைந்த இடத்திலேயே நோயாளர் கவனிப்பின்மையாற் பட்டினி கிடக்கின்றனர் எனக் கண்டித்திருந்தார். 1946இல் கேர்ட்டிஸ் மெண்டல்சன் என்னும் அமெரிக்க வைத்தியர், மயக்கநிலையில் இரைப்பையின் உள்ளடக்கம் நுரையீரலுக்குட் செல்வதனால் ஏற்படும் ஆபத்தை விளக்கினார். அவ்வெச்சரிக்கை மெய்யானது. ஆயினும் நாளடைவில் அது நள்ளிரவுக்குப் பின் எதுவும் வாயிற் படக்கூடாது என்ற வறட்டு விதியாக இறுகியது. பிற்பகலிற் சத்திரசிகிச்சை பெறவிருக்கும் மூதாட்டி பதினைந்து மணி நேரம் தண்ணீருமின்றிக் காத்திருப்பதும், அன்று சிகிச்சை பின்போடப்பட்டால் மறுநாளும் அவ்வாறே கிடப்பதும் உலகெங்கும் வழக்கமாயின. திண்ம உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்னர் நிறுத்தினாற் போதும் என்பதும், தெளிந்த நீராகாரத்தை இரண்டு மணி நேரத்துக்கு முன்னர் வரை அருந்தலாம் என்பதும் 1990களிலேதான் பொதுவான வழிகாட்டல்களாயின. இரைப்பை மெதுவாக வெறுமையாகும் நோயாளர் இவற்றுக்கு விலக்காவர்.

இதற்கிடையில் 1960களில் பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. சுவீடனில் ஆவிட் வ்ரெட்லிண்ட் குருதிநாளத்தினூடாகப் பாதுகாப்பாகச் செலுத்தத்தக்க கொழுப்புக் கரைசலை உருவாக்கினார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி டட்றிக்கும் அவர்தம் குழுவினரும் நாய்க்குட்டிகளை வாய்வழி உணவின்றி நாள ஊட்டத்தினாலேயே வளர்த்துக் காட்டினர். அம்முறையினாற் குடல் குறைபாடுடன் பிறந்த ஒரு குழந்தையையும் பேணினர். 1968இல் இம்முடிவுகள் வெளிவந்தபோது பட்டினி முற்றாக வெல்லப்பட்டுவிட்டது எனப் பலர் எண்ணினர். அமெரிக்க வைத்தியசாலைகளிலே மந்தபோசணை மறைந்து கிடக்கின்றது என்று சார்ள்ஸ் பட்டர்வேத் 1974இல் எழுதிய கட்டுரை அவ்வெண்ணத்தைக் கலைத்தது. 1991இல் அமெரிக்கப் படைமூத்தோர் வைத்தியசாலைகளில் 395 நோயாளரிடையே நிகழ்த்தப்பட்ட ஆய்வு இன்னுமொரு பாடத்தைப் புகட்டியது. சத்திரசிகிச்சையை ஒட்டி அளிக்கப்படும் நாள ஊட்டம் கடுமையான மந்தபோசணையுடையோர்க்கே பயன் தந்தது. ஏனையோர்க்குத் தொற்றுநோயையே மிகுவித்தது. குடல் இயங்குமாயின் குடல்வழியே ஊட்டுதல் வேண்டும் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. பின்னர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் கெலெட் முதலியோர் வகுத்த விரைவுமீட்சி முறை, சத்திரசிகிச்சைக்கு மறுநாளே உணவூட்டுவதனைத் தன் அங்கங்களுள் ஒன்றாகக் கொண்டது.

வன்னி போன்ற பிரதேசங்களைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சிகளுள் மிக எளியவை இரண்டே மிக முக்கியமானவை எனலாம். 1990ஆம் ஆண்டில் ஜெனீவாவில் தொடையெலும்பு முறிந்த முதியோர் 59 பேரிடையே ஓர் ஆய்வு நிகழ்ந்தது. ஒரு சாராருக்கு வழக்கமான உணவுடன் 20 கிராம் புரதங் கொண்ட பானம் நாளொன்றுக்கு ஒருமுறை வழங்கப்பட்டது. ஆறு மாதங்களின் பின் சிக்கலுற்றோரும் இறந்தோரும் அச்சாராரில் 40 வீதமாகவும் மற்றையோரில் 74 வீதமாகவும் இருந்தனர். 2006இல் வெளிவந்த வேல்ஸ் நாட்டு ஆய்வோ புதிய மருந்து எதனையும் பயன்படுத்தவில்லை. இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியர் 302 பேரில் ஒரு பகுதியினருக்கு, உணவைத் தெரிந்து கொடுத்து அருகிருந்து ஊட்டும் உதவியாளர் நியமிக்கப்பட்டனர். விடுதியில் இறந்தோர் வீதம் அவர்களிடையே 4.1 ஆகவும், அவ்வுதவி பெறாதோரிடையே 10.1 ஆகவும் இருந்தது. கரண்டியேந்திய ஒரு கையின் வலிமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

4

இக்கருத்து தமிழ் மரபுக்கு அந்நியமானதன்று. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்திற் பெரும்பாலான குறள்கள் மருந்தைப் பற்றிப் பேசாது உண்ணும் அளவையும் காலத்தையுமே பேசுகின்றன. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக நோயாளியின் அருகிருந்து பணிசெய்வோனையும் வைத்து எண்ணுகின்றது. வேல்ஸ் நாட்டு ஆய்வு கண்டதும் இந்நான்காம் கூறினையே.

நமது வழக்கிலுள்ள பத்தியம் என்னும் சொல் இருபக்கமுடையது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மல்லி, மிளகு, உள்ளி சேர்த்து மீனுடன் ஆக்கப்படும் சரக்குக் கறி ஊட்டும் பத்தியமாகும். புண்ணுடையவருக்கு முட்டை, இறால், நண்டு முதலியன கிரந்தி என விலக்கப்படுவது மறுக்கும் பத்தியமாகும். முதலாவது தாயைத் தேற்றுகின்றது. இரண்டாவதோ, புரதம் மிகத் தேவைப்படும் வேளையிலே அதனை முதியவரிடமிருந்து பறிக்கின்றது. மரபினைப் போற்றுவோர் இவ்விரண்டையும் பகுத்தறிந்து போற்றுதல் வேண்டும்.

மேலைமருத்துவம் வடபுலத்திற் காலூன்றியபோது அதனைத் தமிழாக்கிய பெருமை சாமுவேல் பிஸ்க் கிறீனுக்கு உரியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தித் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவரது முயற்சியில் வெளிவந்த ‘இரண வைத்தியம்’ 1867ஆம் ஆண்டுக்குரியது. கிருமியகற்றிச் செய்யும் சத்திரசிகிச்சை முறையை ஜோசப் லிஸ்டர் உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டிலாகும்.

வன்னியின் நிலையோ வேறு. 1868இல் வைத்திய அதிகாரி ஜேம்ஸ் லூஸ் வன்னியின் நோயையும் மக்கட்டொகைக் குறைவையும் பற்றி அறிக்கை சமர்ப்பித்தார். 1881இல் தலைமை வைத்திய அதிகாரியான கின்சி பறங்கிப் புண் பற்றி அறிக்கை எழுதினார். குளங்கள் உடைந்தமையும் நல்ல நீரும் உணவும் இல்லாமையும் பறங்கியுடன் தொடர்புபடுத்தப்பட்டன. 1905ஆம் ஆண்டில் இலங்கையிற் பணியாற்றிய அல்டோ கஸ்தெலானி பறங்கியின் கிருமியைக் கண்டறிந்தார். உணவு அந்நோயின் காரணம் அன்று என்பது அத்துடன் உறுதியாயிற்று. எனினும் அதனுடன் ஒரு நல்ல வினாவும் கைவிடப்பட்டது எனல் தகும். நோய்க்குக் காரணம் கிருமியே ஆயினும், நோயைத் தாங்கும் வலு உணவிலிருந்தே பிறக்கின்றது. கிருமியை நோக்கிய மருத்துவம் சோற்றுக்கலயத்தை நோக்க மறந்தது. உணவு சமையற்கூடத்துக்கு உரியது, சிகிச்சை வைத்தியருக்கு உரியது என்ற பிரிவு இவ்வாறே நிலைபெற்றது.

5

இப்பிரிவின் விலையினை வன்னி மிகக் கொடிய முறையிற் செலுத்தியது. 1990களில் எரிபொருள், மருந்து முதலியவற்றின் மீது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1995இன் இறுதியிலே யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்த பல்லாயிரவர் வன்னியை வந்தடைந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரம் படையினர் வசமானது. 1998இல் மீண்டும் கைமாறியது. 2002இன் போர்நிறுத்தம் தந்த குறுகிய ஓய்வினையும் 2004இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையிற் குலைத்தது.

2008இன் பிற்பகுதியிலிருந்து வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்தன. கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரத்துக்கும், பின்னர் கிழக்கே உடையார்கட்டுப் பக்கத்துக்கும் சென்றது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை 2009 சனவரி இறுதியிலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் பலமுறை எறிகணைகளாற் தாக்கப்பட்டது. பெப்ரவரி 4இல் நோயாளர் அங்கிருந்து புதுமாத்தளனுக்கு அகற்றப்பட்டனர். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 13,000க்கு மேற்பட்ட நோயாளரையும் காயமுற்றோரையும் உடனிருந்தோரையும் கடல்வழியே வெளியேற்றியது. எஞ்சியோர்க்கு முள்ளிவாய்க்காலிற் கிடைத்த சத்திரசிகிச்சை மயக்கமருந்தும் குருதியும் அருகிய நிலையிலே செய்யப்பட்டதாகும். அரசு வைத்தியசாலைகள் மீது எறிகணை வீசியதையும், மக்கட்டொகையைக் குறைத்துக் காட்டி உணவையும் மருந்தையும் மட்டுப்படுத்தியதையும், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்து வெளியேற முயன்றோரைச் சுட்டதையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுக்கள் என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது.

அந்நாட்களின் உணவு உப்பிட்ட கஞ்சியாகும். ஆண்டுதோறும் மே மாதத்திற் பகிரப்படும் முள்ளிவாய்க்காற் கஞ்சி அதன் நினைவாக நிலைத்துவிட்டது. அக்கஞ்சியைப் போசணை நோக்கில் அளந்து பார்த்தல் நினைவின் புனிதத்தைக் குறைப்பதாகாது. ஐம்பது கிராம் அரிசியில் வடித்த ஒரு கலயக் கஞ்சியில் ஏறத்தாழ மூன்றரைக் கிராம் புரதமே உண்டு. ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள முதியவர் ஒருவர் பெரிய காயத்திலிருந்து மீள நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டல். ஆகவே அவர் அத்தகைய கலயங்கள் பதினேழாவது குடித்திருத்தல் வேண்டும். கத்பேட்சன் அளந்த அந்த வரி இங்கே செலுத்துதற்கு எதுவுமில்லாத உடல்களின் மேல் விதிக்கப்பட்டது. குண்டுச்சிதறலை அகற்றிய சத்திரசிகிச்சை வெற்றியாயினும் புண் ஆறாதுபோவதற்கு இதுவே போதிய காரணமாகும்.

போர் முடிந்தபோது ஏறத்தாழ 2,80,000 மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். வவுனியா வைத்தியசாலை தன் படுக்கைகளினும் பன்மடங்கான நோயாளரைத் தரையிலும் தாழ்வாரத்திலும் கிடத்திச் சிகிச்சை அளித்தது. நெடிய வரிசைகளில் நின்று உணவு பெறும் முகாமொழுங்கு வலுவுள்ளோரை நோக்கி அமைந்ததாகும். உறவினரைப் பிரிந்த முதியவருக்கு வரிசையில் நிற்கக் காலும் இல்லை, நிற்பதற்கு ஆளும் இல்லை. முகாம்களில் முதியோர் உணவின்றி நலிந்து இறந்தமை அந்நாட்களிற் பேசப்பட்டது. அறுபது வயதைக் கடந்தோரை உறவினருடன் விடுவிக்கும் ஏற்பாடும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. வள்ளுவர் எண்ணிய நான்காம் கூறு இல்லாத இடத்தில் ஏனைய மூன்றும் இருந்தும் பயனில்லை என்பதற்கு இது வரலாறு தந்த சான்றாகும்.

6

2009இல் ஐம்பது வயதினராயிருந்தோர் இன்று அறுபதின் நடுப்பகுதியைத் தாண்டியுள்ளனர். இழந்த அவயவத்தோடும், உடைந்து பொருந்திய எலும்போடும், உடலில் எஞ்சிய சிதறல்களோடும் முதுமை எய்தும் தலைமுறை இது. இவர்களுட் பலரின் பிள்ளைகள் இறந்தனர் அல்லது கடல்கடந்து வாழ்கின்றனர். 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி நாட்டின் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதத்தை எட்டியபோது, முதலிற் கைவிடப்பட்டவை மீனும் முட்டையும் பாலுமே. 1973இல் தொடங்கிய திரிபோஷ தாய்மாரையும் சிறுபிள்ளைகளையும் நோக்கியது. முதுமைக்கும் அத்தகைய ஓர் ஊட்டமா தேவை எனக் கேட்போர், மேலே கூறிய ஜெனீவா ஆய்வினை மனத்திற் கொள்வார்களாக.

செய்யத்தக்கன அரியவை அல்ல. சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே முதியவரின் நிறையை அளத்தலும், அண்மையில் மெலிந்தாரா, உணவு குறைந்ததா என வினவுதலும் முதற்படி. கடுமையாக மெலிந்தவராயின், நோய் இடந்தருமெனில், சத்திரசிகிச்சையை ஒன்று அல்லது இரண்டு கிழமை பின்போட்டு ஊட்டுதல் இன்றைய வழிகாட்டல்களுக்கு இசைந்ததே. நெடுநாட் பட்டினி கிடந்தவருக்கு உணவைத் திடீரெனப் பெருக்கினாற் குருதியிலே பொசுபேற்று முதலிய உப்புக்கள் சரிந்து இதயம் நின்றுபோதலும் கூடும். ஆதலின் வைத்தியரின் கண்காணிப்பிற் படிப்படியாக ஊட்டுதல் வேண்டும். சிறுநீரக நோயாளர்க்குப் புரத அளவை வைத்தியரே வரையறுத்தல் வேண்டும். நோன்பு நேரத்தைச் சுருக்குதலும், குடல் இடந்தருமாயின் மறுநாளே உணவைத் தொடங்குதலும் விடுதியின் கடன்.

வேண்டிய உணவு வன்னியிலேயே விளைகின்றது. இருநூறு கிராம் அரிசிச் சோறு, ஐம்பது கிராம் பயறு, இரண்டு முட்டை, நூறு கிராம் நந்திக்கடல் மீன், ஒரு குவளைப் பால் என்பன சேர்ந்தால் ஏறத்தாழ 65 கிராம் புரதம் ஆகிவிடும். பல் இல்லாதவருக்குப் பயற்றங் கஞ்சியும் உழுத்தங்களியும் மீன் சேர்ந்த ஒடியற் கூழும் உண்டு. ஆயினும் இவற்றைச் சமைத்து, ஆறவைத்து, அருகிருந்து ஊட்டும் கை வேண்டும். முல்லைத்தீவின் உட்கிராமத்திலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் மூதாட்டிக்கு அக்கை எங்கிருந்து வரும் என்பதே இன்று எஞ்சியுள்ள வினா. பார்வையாளர் நேரத்தில் உறவினர் கொண்டுவரும் சோற்றுப் பொதியை நம்பி நடக்கும் விடுதி, உறவினர் இல்லாதவரைக் கணக்கில் எடுக்காத விடுதியேயாம்.

7

இதுகாறும் நோக்கியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. உணவு மருந்தாகும் என்பதை ஆய்வுகூடம் அறிந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகின்றது. தமிழ் மரபு அதனை அதனினும் பன்னூற்றாண்டுகள் முன்னரே அறிந்திருந்தது. அறிவு இருந்தும் அது வன்னியின் முதியவரைச் சென்றடையாமைக்குக் காரணம், உணவைக் கருணையின் பாற்பட்டதாகக் கருதிச் சிகிச்சையின் பாற்பட்டதாகக் கருதாமையே. கருணை கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். சிகிச்சையோ நோயாளியின் உரிமை. நோயாளியின் குறிப்பேட்டில் மருந்தின் பெயருக்கு அருகே உணவின் அளவும், அதனை ஊட்டியவரின் கையொப்பமும் இடம்பெறும் நாளிலே அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாது நடைமுறைக்கு வந்ததாகும். மருத்துவ மாணவரும் வரலாற்று மாணவரும் ஒருங்கே சிந்தித்தற்குரிய துறை இதுவாகும். முன்னையோர் விடுதியிற் கவனிக்க வேண்டியதனைப் பின்னையோர் ஆவணங்களிலே தேடிக் காட்டுவாராயின், வன்னி மக்களின் உடலின் வரலாறு எழுதப்படுவதோடு அவ்வுடல்கள் சில காப்பாற்றப்படவும் கூடும்.